பால்மரத்துப் பால்ல எந்தெந்த புரோட்டீன், எது எதோட சேருதுன்னு எப்படி பாக்குறாங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல வளர்ந்தவங்களுக்கு பால்மரத்துல, அதாவது ரப்பர் மரத்துல, மங்குல வடியுற பாலும் ஒட்டுப்பால் நாத்தமும் புதுசில்ல, இப்போ பாதி இடம் செம்பனையாயிடுச்சு, அது வேற கதை. அந்தப் பால்ல ரப்பர் மட்டும் இல்ல, நிறைய புரோட்டீனும் இருக்கு, சில பேருக்கு ரப்பர் கிளவுஸ் போட்டா உடம்பு தடிச்சு மூச்சு முட்டுதுல்ல, அதுக்கு அதுல சிலதுதான் காரணம்.

அத கண்டுபிடிக்க மொதல்ல ஃப்ரெஷ் பால சென்ட்ரிஃபியூஜ்ல வேகமா சுத்துவாங்க. மேல ரப்பர், நடுவுல தெளிஞ்ச சீரம், அடியில லூட்டாய்டுன்னு ஒரு வண்டல்.

அடுத்தது ஜெல், சின்னச் சின்ன ஓட்டை நிறைஞ்ச ஜெல்லி மாதிரி ஒரு பலகை, புரோட்டீன எடை வாரியா பிரிக்க. எஸ்டிஎஸ்னு ஒரு டிடர்ஜென்ட் போட்டு சூடு பண்ணா மடிஞ்சு கிடக்குற புரோட்டீன் எல்லாம் பிரிஞ்சு நீண்டுடும், மேல முழுக்க நெகட்டிவ் சார்ஜ் ஏறிடும், கரண்ட் விட்டதும் எல்லாம் பாசிட்டிவ் பக்கம் ஓட ஆரம்பிக்கும். தைப்பூசக் கூட்டத்துல சின்னப் பசங்க இடுக்குல புகுந்து முன்னால போயிடுவாங்க, பெரிய ஆளு பின்னால மாட்டிக்குவாரு, ஜெல்லுக்குள்ளயும் அதான் நடக்குது. 1970ல லெம்லி எழுதின முறைதான் இன்னிக்கும் லேப்ல ஓடுது. நீலச்சாயம் போட்டா கோடு கோடா தெரியும், ஆர்இஎஃப்ங்கிற ரப்பர் புரோட்டீன் சுமார் 14 கிலோடால்டன் (புரோட்டீன் எடைக்கான அளவு) கிட்ட நிக்கும், 5க்கும் கம்மியான ஹெவீன்ங்கிற இன்னொரு புரோட்டீன் கடைசி வரைக்கும் இறங்கிடும்.

ஆனா கோடு எடையத்தான் சொல்லும், ஆளு யாருன்னு சொல்லாது. அதுக்கு வெஸ்டர்ன் பிளாட். ஜெல்ல இருக்குறத ஒரு மெம்பிரேனுக்கு, அதாவது மெல்லிய தாள் மாதிரி ஒண்ணுக்கு, மாத்தி ஆன்டிபாடி ஊத்துவாங்க, உடம்போட எதிர்ப்பு சக்தி செய்யுற புரோட்டீன் அது, அது தனக்குரிய புரோட்டீன்ல மட்டும் ஒட்டும். அலர்ஜி உள்ளவங்க ரத்தத்துல இருக்குற, அலர்ஜிய கிளப்புற ஐஜிஇ வகை ஆன்டிபாடியையே இதுக்கு எடுத்துப்பாங்க, எந்தக் கோட்டுல ஒட்டுதோ அதான் தொந்தரவு பண்ற புரோட்டீன். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான்.

எது எதோட கூட்டு சேருதுன்னு பாக்கணும்னா எஸ்டிஎஸ் ஆகாது, அது கூட்டையே பிச்சிடும். அதனால மைல்டான கரைசல்ல வச்சு, ஆன்டிபாடி ஒட்டின மணிகளால ஒரு புரோட்டீன புடிச்சு இழுப்பாங்க, கூடவே வர்றது எதுன்னு அப்புறம் ஜெல்லுலயோ, துண்டுகளோட எடைய அளந்து ஆளக் கண்டுபிடிக்கிற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்லயோ பாப்பாங்க. சம்பந்தமே இல்லாம மணியில ஒட்டிக்கிட்டு வர்றதும் இருக்கும், அதனால அந்தப் புரோட்டீன புடிக்காத வேற ஆன்டிபாடி வச்ச மணியையும் ஒப்பிட்டுப் பாக்க பக்கத்துலயே ஓட்டணும், அத ஓட்டாத ரிசல்ட்ட நான் நம்பமாட்டேன்.

ஈஸ்ட்டுக்குள்ளயும் பாக்கலாம், 1989ல ஃபீல்ட்ஸும் சாங்கும் கொண்டுவந்தது. ஒரு ஜீன ஆன் பண்ற புரோட்டீன ரெண்டா பிரிச்சு, சோதிக்கிற ரெண்டு புரோட்டீன்லயும் ஆளுக்கொரு பாதி மாட்டிவிடுவாங்க, ரெண்டும் சேர்ந்தாத்தான் ஜீன் ஆன் ஆகும்.

2016ல ஜப்பான் ஆய்வாளர்கள் வெளியிட்டது நம்ம பால்மரத்தப் பத்தியே. ரப்பர் துகள் மேல எச்ஆர்டி1னு ஒரு என்சைம், ஆர்இஎஃப், ரெண்டையும் இணைக்கிற எச்ஆர்பிபி, இந்த மூணும் கூட்டு சேர்ந்திருக்கு. டிடர்ஜென்ட்ல கழுவின துகள் மேல எச்ஆர்டி1 ஏத்தினதும் அது லேப்லயே ரப்பர் சங்கிலி பின்ன ஆரம்பிச்சிருச்சு.