ஒரு மார்பில் வந்த புற்றுநோய் மறு மார்பிலும் வருமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் மீன் கடைக்கு முன்னால் என்னை நிறுத்தி ஓர் அக்கா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பால்மரம் சீவி வாழ்ந்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபின் லயத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்தவர். ஈராண்டுகளுக்கு முன் அவருடைய இடது மார்பிலிருந்த புற்றுநோய்க் கட்டியை அகற்றினார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து, இப்போது நாள்தோறும் தமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். “தம்பி, நீங்க பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லிக் குடுக்குறவரு. இந்தப் பக்கம் வந்தது அந்தப் பக்கத்துக்கு நகர்ந்து போகுமா? அதையும் எடுத்துடுன்னு ஒருத்தர் சொல்றாங்க. கத்தி பட்டாலே பரவும்னு இன்னொருத்தர் சொல்றாங்க. நான் யாரு பேச்சைக் கேக்குறது?” என்றார்.

இக்கேள்விக்குள் இரண்டு வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன. முதல் கட்டியிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் இரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ சென்று எலும்பிலோ ஈரலிலோ நுரையீரலிலோ குடியேறுவது பரவல். மறு மார்பில் சில ஆண்டுகள் கழித்து ஒரு கட்டி தோன்றினால், பெரும்பாலும் அது முதல் கட்டியின் பிள்ளை அன்று. தானாகவே புதிதாக முளைத்த இரண்டாவது புற்றுநோய். இரு கட்டிகளின் மரபணு மாற்றங்களை வரிசைப்படுத்தி ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். பரவல் என்றால் இரண்டிலும் அதே மாற்றங்கள் இருக்கும். புதிய நோயாக இருந்தால் இரண்டின் கைரேகைகளும் வேறுவேறாக இருக்கும்.

அப்படியானால், ஒரு முறை நோய் கண்ட பெண்ணுக்கு மறு மார்பில் புதிதாக நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏன் கூடுதலாக இருக்கிறது? அக்காவுக்கு நான் சொன்ன விளக்கம் அவர் கைபட்ட ரப்பர் மரத்திலிருந்தே பிறந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்களை ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கிறார்கள். ஒரே தாய்மரத்தின் மொட்டுகளை ஆயிரமாயிரம் கன்றுகளில் ஒட்டுவதால், சீவும் மரமெல்லாம் மரபணுவில் ஒன்றேயாகும். அந்த ரகத்துக்கு ஒரு பூஞ்சை நோயைத் தாங்கும் வலிமை குறைவு என்றால், கிழக்கு வெட்டில் ஒரு மரம் நோயுற்றது போலவே, மேற்கு வெட்டிலுள்ள மரமும் எந்த மரத்தையும் தொடாமலே நோயுறக்கூடும். இரண்டு மார்புகளும் இப்படி ஒரே கருவணுவிலிருந்து பிரிந்து வளர்ந்தவை. பிறவியில் வந்த மரபணுக் குறை ஒன்று இருந்தால் அது இரண்டிலும் இருக்கும். அத்தனை ஆண்டுகளாக ஓடிய ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை இயக்குநீரும் ஏறிய வயதும் இரண்டுக்கும் பொதுவானவை.

மரபணுக் குறை என்ற இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த இயக்கம் ஒளிந்திருக்கிறது. சற்று நின்று பார்க்க வேண்டும். டி.என்.ஏ. ஏணியின் இரண்டு மரங்களும் ஒரே இடத்தில் முறிவது அணுவுக்கு நேரும் மிக மோசமான காயம். அதை ஒட்ட இரண்டு வழிகள் உண்டு. முறிந்த முனைகளை அவசரமாகச் சேர்த்து ஒட்டுவது ஒன்று; இதில் சில எழுத்துகள் தவறிப்போகும். அணு பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வைப் படியெடுத்து வைத்திருக்கும்போது, அந்த இரட்டைப் படியைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் நிரப்புவது மற்றொன்று.

இரண்டாவது வழியில் முறிந்த முனைகளை முதலில் சீவி, ஒற்றை இழை வால் நீட்டிக்கொள்ளும்படி செய்ய வேண்டும். பிஆர்சிஏ1 புரதத்துக்கு அதில் பங்கு உண்டு. அந்த வெற்று வாலை ஆர்பிஏ என்ற புரதம் உடனே ஓடிவந்து மூடிக்கொள்ளும். அதை விலக்கிவிட்டு ராட்51 என்ற புரதத்தை நெருக்கமாக நிரைபிடித்து உட்கார வைப்பவர் பிஆர்சிஏ2. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி, யாருக்கு எந்த நிரை என்று ஒதுக்கும் கங்காணியை எனக்கு இது நினைவூட்டுகிறது. 3,418 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெரிய புரதத்தில் ராட்51ஐப் பற்றிக்கொள்ளும் எட்டுப் பிடிகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. நிரை முழுவதும் நிறைந்ததும் அந்த வால், சகோதரப் படிக்குள் நுழைந்து, கோடிக்கணக்கான எழுத்துகளுக்கிடையே தனக்கு இணையான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து படியெடுத்து முறிவை நிரப்பிக்கொள்கிறது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பிஆர்சிஏ2 புரதத்தை உருவாக்கும் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதாகப் பிறந்தவருக்கு, மற்றொரு பிரதி நலமாக இருக்கும்வரை கங்காணி வேலையில் இருக்கிறார். மார்பகத்தில் உள்ள எண்ணற்ற அணுக்களில் ஏதோ ஒன்றில் அந்த நல்ல பிரதியும் தற்செயலாக அழிந்துவிட்டால், அங்கு முறிவுகளெல்லாம் அவசர வழியில் ஒட்டப்பட்டுப் பிழை பெருகும். ஆல்ஃபிரட் நட்சன் என்ற மரபியலாளர் 1971 இல், கண்விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து இந்த ‘இரண்டு அடி’ விளக்கத்தை முன்வைத்தார். முதல் அடி பிறப்பிலேயே உடலெங்கும் விழுந்துவிட்டதால் இரண்டாவது அடி எந்த மார்பிலும் விழலாம்.

எண்களிலும் இது தெரிகிறது. நோய் கண்டபின் 20 ஆண்டுகளில் மறு மார்பில் புற்றுநோய் வரும் வாய்ப்பு, பழுதுற்ற பிஆர்சிஏ1 மரபணு உள்ளவர்களுக்குச் சுமார் 40 சதவீதம், பிஆர்சிஏ2 என்றால் சுமார் 26 சதவீதம் என்று 2017 இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. நோய் கண்ட பெண்களைப் பொதுவாக எடுத்துக்கொண்டால் அதே காலத்தில் அது 7 சதவீதத்தை ஒட்டியே உள்ளது. முதல் நோய் இளம் வயதில் வந்திருந்தாலும், தாய்வழியிலோ தந்தைவழியிலோ உறவினருக்கு இந்நோய் இருந்தாலும் இந்த வாய்ப்பு கூடும். தந்தையும் பழுதைப் பிள்ளைகளுக்குக் கடத்தலாம் என்பதை நம் குடும்பங்கள் மறந்துவிடுகின்றன.

அப்படியானால் வலப்பக்கத்தையும் எடுத்துவிடலாமா என்ற அக்காவின் கேள்விக்கு வருவோம். எடுத்தால் மறு மார்பில் நோய் வருவது பெருமளவு குறையும். ஆனால் கனடாவின் டொரோண்டோ ஆய்வாளர்கள் 2024 இல் பல்லாயிரம் பெண்களின் பதிவுகளைப் பார்த்தபோது, ஒரு மார்பில் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும், ஒரு மார்பை முழுவதும் எடுத்தவர்களும், இரண்டையும் எடுத்தவர்களும் 20 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே அளவில்தான் உயிர் பிழைத்திருந்தார்கள். முதல் நோய் ஏற்கெனவே எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதே உயிரின் போக்கை அதிகம் தீர்மானிக்கிறது. பழுதுற்ற மரபணு உள்ளவர்களின் கணக்கு வேறு. அவர்கள் மரபியல் ஆலோசனை பெற்று முடிவெடுக்க வேண்டும்.

‘கத்தி பட்டால் பரவும்’ என்பது எங்கள் வட்டாரத்தில் உயிர் குடித்த நம்பிக்கை. நான் சிறுவனாக இருந்தபோது பக்கத்து லயத்தில் ஒருவர் மார்பில் கட்டியை மறைத்து, மந்திரித்த கயிறு கட்டிக்கொண்டு ஓராண்டு காத்திருந்தார். மருத்துவமனைக்குப் போனபோது கட்டி தோலைக் கிழித்திருந்தது. அறுவைக்குப் பின் அவர் இறந்ததும் பழி கத்தியின்மேல் விழுந்தது. கோவிலுக்கு வேண்டிக்கொள்வதை நான் ஒருநாளும் தடுக்கமாட்டேன். நேர்த்திக்கடனைச் செலுத்தும் அதே வாரத்தில் மருத்துவமனைக்கும் பேருந்து ஏறிவிட வேண்டும் என்பதே என் மன்றாட்டம்.

அக்காவின் மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமாக்சிஃபென், மார்பக அணுவில் ஈஸ்ட்ரோஜன் வந்து பற்றிக்கொள்ளும் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. 1980களில், முதல் நோய்க்குச் சிகிச்சையாக இதைச் சாப்பிட்டவர்களின் மறு மார்பிலும் நோய் குறைந்தது கண்டு மருத்துவர்கள் விழித்தார்கள். அதன் விளைவாக, நோய் வரக்கூடிய நலமான பெண்களிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில் நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என 1998 இல் தெரிந்தது. உடல் திடீரெனச் சூடாகி வியர்க்கிறது என்று பலர் இதை இரண்டு மூன்று ஆண்டுகளில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துமுன் மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்று வழி பார்ப்பார்.

ஒரு குறையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். உலகின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதனால், ஆசியப் பெண்ணின் இரத்தத்தைச் சோதிக்கும்போது ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்ற விடையே அடிக்கடி வருகிறது. மலாயாப் பல்கலைக்கழகமும் கேன்சர் ரிசர்ச் மலேசியாவும் மலாய், சீன, இந்தியப் பெண்களைச் சேர்த்து நடத்தும் மைபிஆர்சிஏ ஆய்வு அந்த இடைவெளியை அடைக்க உழைக்கிறது. இத்தகைய வேலைக்கு அரசும் செல்வந்தர்களும் தாராளமாகப் பணம் தர வேண்டும் என்பது என் கருத்து. தோட்டத்துப் பெண்ணின் மரபணு எண்ணிக்கையில் சேராவிட்டால், அவளுக்குச் சொல்லப்படும் விழுக்காடு வேறொருத்தியுடையதாக இருக்கும்.

பேச்சு முடியும்போது அக்கா, “அப்ப இன்னொன்னு வந்தா, இதே மருந்துதானா?” என்று கேட்டார். இல்லை அக்கா, என்றேன். அது புதிய கட்டியாதலால் மறுபடி ஊசியால் சதை எடுத்து, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறதா, அணு வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 புரதம் கூடுதலா என்று முதலிலிருந்து சோதிப்பார்கள். தமாக்சிஃபெனையும் மீறி முளைப்பவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாதவை கூடுதலாக இருக்கும், அவற்றுக்கு இந்த மாத்திரை உதவாது. ஆனால் அதை முதல் நோயின் பரவல் என்று கணக்கிடாமல் புதிய நோயாகவே அளப்பார்கள். சிறிதாக இருக்கும்போதே ஆண்டுதோறும் எடுக்கும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் பிடிபட்டால், குணமாகும் வாய்ப்பும் நன்றாகவே இருக்கும். அவர் தன் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த மருத்துவமனை அட்டையில் அடுத்த மேமோகிராம் தேதியைக் காட்டினார்.