2048 பிட் கீ இருக்கு, சரி... அது எங்க பொறந்துச்சு?

செக்யூரிட்டி ஆடிட்டுக்கு எங்க போனாலும் "சார் நாங்க 2048 பிட் கீதான் வெச்சிருக்கோம், அப்புறம் என்ன"னு ஒரே பதில். நான் பிட் எத்தனை, அதாவது கீ எவ்ளோ பெருசுன்னு கேக்கவே இல்லைங்க, கீய (தகவலப் பூட்டித் திறக்கிற நம்பர) எந்த மெஷின்ல ஜெனரேட் பண்ணீங்கன்னுதான் கேட்டேன்.

ஆர்எஸ்ஏங்கிற பூட்டு முறையில கீக்குள்ள இருக்குறது ரெண்டு பிரைம் நம்பர் (பகா எண்), 2048 பிட்னா ஒவ்வொண்ணும் 308, 309 இலக்கம் வரும். பெருக்கி வர்ற நம்பர ஊருக்கே காட்டலாம், அதுதான் பப்ளிக் கீ, இவ்ளோ பெருசா இருந்தா திருப்பிப் பிரிக்கத்தான் நடைமுறையில வழி கிடையாது. 2020-ல 250 இலக்க நம்பர் ஒண்ணப் பிரிச்சாங்க, ஒத்த பிராசஸர் கோர்ல ஓட்டுனா 2,700 வருஷம் ஆகுற வேலை அது. அதனால சைஸ் முக்கியம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா 2024 அக்டோபர்ல 4,10,24,320 இலக்கத்துல உலகத்துலயே பெரிய பிரைம் அறிவிச்சாங்களே, அத வெச்சு பூட்டு போட முடியாது, எல்லாருக்கும் தெரிஞ்ச நம்பர் அது. யாருக்கும் தெரியாம இருக்கணும், யூகிக்கவும் முடியக்கூடாது, மேட்டர் அவ்ளோதான்.

பிரைமுக்குப் பஞ்சமும் இல்ல. 1024 பிட் சைஸ்ல சுமாரா 710 நம்பருக்கு ஒண்ணு பிரைம். சாஃப்ட்வேர் ரேண்டமா ஒரு ஒற்றை எண்ண எடுக்கும், பிரைம்தானான்னு பாக்க மில்லர்-ராபின்னு ஒரு டெஸ்ட் போடும், தேறலன்னா அடுத்தது. இவ்ளோ கொட்டிக் கிடக்கும்போது ரெண்டு மெஷினுக்கு ஒரே பிரைம் வரவே கூடாது இல்லையா?

வந்துச்சே! 2012-ல ஆராய்ச்சியாளர்கள் இன்டர்நெட் முழுக்க ஸ்கேன் பண்ணி பப்ளிக் கீ எல்லாத்தையும் சேத்து மீ.பொ.வ கண்டுபிடிச்சாங்க, ஆமா நாம ஸ்கூல்ல போட்ட அதே கணக்குதான். 91-ஐயும் 119-ஐயும் தனித்தனியா பிரிக்கவே வேணாம், பொது வகுத்தி 7-ன்னு தெரிஞ்சதும் ரெண்டுமே காலி, அந்தப் பொது வகுத்தி 309 இலக்கமானாலும் இதே கதி. ஹெச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான வெப்சைட்) சர்வர்கள்ல 0.5 சதவீதத்தோட பிரைவேட் கீ, அதாவது ரகசியமா இருக்க வேண்டிய கீ, இப்படிக் கைக்கு வந்துச்சு. பெரும்பாலும் ரௌட்டர், ஃபயர்வால் மாதிரி டப்பாக்கள். முதல் தடவ பூட் ஆகும்போது கீபோர்டு இல்ல மவுஸ் இல்ல, ரேண்டம்னெஸ் எங்கேருந்து வரும், அதுக்குள்ள கீ ஜெனரேட் பண்ணுன்னா ஒரே மாடல் டப்பா எல்லாம் ஒரே பிரைமத்தான் எடுக்கும். ரெண்டாவது பிரைம் எடுக்குறதுக்குள்ள கடிகாரம் கொஞ்சம் நகர்ந்துடும், அது மட்டும் மாறும், ஒண்ணு பொதுவா இருந்து இன்னொண்ணு மாறுனதாலதான் மீ.பொ.வ-ல மாட்டிக்கிச்சு.

2017-ல எஸ்டோனியா கதை வேற மாதிரி. அடையாள அட்டைக்குள்ள இருந்த சிப்பு, வேகமா முடிக்கணும்னு ஒரு குறிப்பிட்ட வடிவத்துல வர்ற பிரைம மட்டும் எடுத்துச்சு. அந்த வடிவம் தெரிஞ்சா தேட வேண்டிய இடம் சுருங்கிடும். ஏழு லட்சத்துக்கும் மேல கார்டுகளோட சர்டிபிகேட்ட (கீ யாரோடதுன்னு சொல்ற டிஜிட்டல் சான்ற) அரசாங்கமே நிறுத்தி வெக்க வேண்டியதாச்சு.

அதனால டப்பாவோட வந்த கீய அப்படியே ஓட்டாதீங்க, அப்டேட் போட்டு கொஞ்ச நேரம் ஓடவிட்டு புதுசா ஜெனரேட் பண்ணுங்க. விஎம் (மெஷினுக்குள்ள ஓடுற மெய்நிகர் மெஷின்) டெம்ப்ளேட்ட க்ளோன் பண்றவங்க, தூரத்துலேருந்து லாகின் பண்ண உதவுற எஸ்எஸ்ஹெச்சோட ஹோஸ்ட் கீய அழிச்சிட்டு க்ளோன் பண்ணுங்க, இல்லன்னா எல்லா க்ளோன்லயும் ஒரே கீதான் இருக்கும். அப்புறம் "சர்டிபிகேட் வருஷா வருஷம் ரினியூ பண்றோம்"னு சொல்றவங்க, பழைய கீய வெச்சேதான் ரினியூ ஆகுதான்னு ஒரு தடவ பாருங்க, நான் பாத்த பல இடத்துல தேதி மட்டும்தான் மாறியிருக்கும்.