பழைய கெர்னலில் புதிய பேட்ச்: பில்ட் ஏன் உடைகிறது?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 4.19 பதிப்பு வெளியானது 2018 அக்டோபரில். பராமரிப்பு 2024 டிசம்பர் வரை தொடர்ந்தது. அதை நம்பி ஏராளமான ஆண்ட்ராய்டு போன்களும் சர்வர்களும் ஓடின. ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் எல்லோரையும் புதிய கெர்னலுக்கு மாறச் சொல்ல முடியாது. திருத்தத்தை (பேட்ச்) மட்டும் பிரித்தெடுத்துப் பழைய வெளியீட்டில் சேர்ப்பார்கள். இதுதான் பேக்போர்ட்.

திருத்தம் முதலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மெயின்லைனில், அதாவது முதன்மைக் கோடில், சேர வேண்டும், அப்புறம்தான் பழைய வெளியீடுகளைப் பராமரிக்கும் ஸ்டேபிள் கிளைக்கு வரலாம் என்பது விதி. நல்ல விதி. ஆனால் பேட்சை எழுதியவர் தன் கண்முன் இருந்த புதிய கோடுக்குத்தான் எழுதியிருப்பார்.

ஆக்சஸ்_ஓகே என்ற மேக்ரோவை (பெயர் சொல்லி அழைக்கும் சிறு கோடுத் துண்டு) பாருங்கள். ஒரு புரோகிராம் கெர்னலிடம் கொடுக்கும் மெமரி முகவரி அனுமதித்த எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிப்பது அதன் வேலை. 4.19இல் அதற்கு மூன்று மதிப்புகள் தரவேண்டும்: படிக்கவா எழுதவா என்பது, முகவரி, நீளம். முதல் மதிப்பு 386 பிராசசர் காலத்துத் தேவை. வெகுநாளாக அதற்குப் பயன் இல்லை. 2019 ஜனவரியில், 5.0 தயாராகிக்கொண்டிருந்தபோது, டோர்வால்ட்ஸ் அதை நீக்கிவிட்டார். அதற்குப் பிறகு எழுதப்படும் பேட்ச்களில் இரண்டு மதிப்புகள்தான் இருக்கும்.

அப்படி ஒரு பேட்சை 4.19இல் போட்டால் கோடு மாற்றங்களைக் கையாளும் கிட் என்ற கருவி முணுமுணுக்கக்கூட செய்யாது. சுற்றியுள்ள வரிகள் பொருந்தினால் அதற்குப் போதும். அந்த மேக்ரோ வேறொரு ஃபைலில் எப்படி இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. கோடை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றும்போது, அதாவது கம்பைல் செய்யும்போதுதான், ஜிசிசி என்ற கம்பைலர் நிறுத்தும், பில்ட் உடையும்: மூன்று மதிப்பு வேண்டும், இரண்டுதான் வந்திருக்கிறது.

சரி, எப்படிச் சரிசெய்வது? இங்கே விடுபட்ட மதிப்பைக் கையால் சேர்ப்பதே சுலபம். மேக்ரோ மாற்றத்தையே பழைய கெர்னலுக்குக் கொண்டுபோனால் அதை அழைக்கும் இடங்களை எல்லாம் தொடவேண்டிவரும். ஸ்டேபிள் பேட்ச் 100 வரிக்கு மேல் போகக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. இல்லாமல் போனது ஒரு சின்ன உதவி ஃபங்ஷன் என்றால், அதைக் கொண்டுவந்த பேட்சை முதலில் சேர்த்துவிடுவார்கள். எதற்காக வந்தது என்று தெரிய அதில் 'ஸ்டேபிள்-டெப்-ஆஃப்' என்ற குறிப்பும் இருக்கும்.

எக்ஸ்86 வகை பிராசசருக்குச் சுத்தமாகக் கம்பைல் ஆவது ஆர்ம் வகை பிராசசருக்கு விழுவதும் உண்டு. தேவையான ஹெடர் ஃபைல் (பொது அறிவிப்புகள் உள்ள ஃபைல்) எக்ஸ்86இல் வேறொரு ஹெடரின் வழியாகத் தானாக வந்துவிடும், ஆர்மில் வராது.

பில்ட் உடைந்தால் உடனே தெரிந்துவிடும் என்பதால் எனக்கு அது பெரிய பயமில்லை. உடையாமல் போவதுதான் பயம். மெயின்லைனில் லாக் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் பூட்டு) எடுப்பதற்கு முன்னால் இருக்கும், ஃபங்ஷனை அங்கேயே முடிக்கும் ஒரு 'ரிட்டர்ன்' வரி, பழைய கோடில் லாக் எடுத்த பிறகு போய் உட்காரலாம். கம்பைலருக்கு அதில் எந்தக் குறையும் தெரியாது. லாக் விடுபடாமலே ஃபங்ஷன் முடியும். அடுத்து அதே லாக்கைக் கேட்பவர் காத்துக்கொண்டே இருப்பார். ஸ்டேபிள் வெளியீடுகளுக்கு முன்னால் வழக்கமாகச் சுமார் 48 மணி நேரம் ஆர்சி என்ற சோதனைப் பதிப்பைத் திறந்துவைப்பது இதற்காகவும்தான்: பலவகை ஹார்டுவேரில் அதை பூட் செய்து ஓட்டிப் பார்த்தால்தான் இந்த வகைப் பிழை சிக்கும்.