செவித்திறன் பரிசோதனை அறைக்குள் என்ன நடக்கும்? மும்பைத் தமிழர்களுக்குச் சில விவரங்கள்

காது கேட்கும் திறனைச் சோதிக்க வரும் பெரியவர்களில் பலர், சத்தம் தெளிவாகக் கேட்ட பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார்கள். பரீட்சையில் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்பது போன்ற ஒரு பயம். ஆனால் அந்தச் சோதனை தேடுவதே, கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அந்த மெல்லிய ஒலியைத்தான். நிச்சயமாகத் தெரிந்த பிறகு அழுத்தினால் உங்கள் காது உண்மையில் இருப்பதைவிட 10, 15 டெசிபெல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) மோசமாகப் பதிவாகும். அந்த எண்ணை வைத்துத்தான் காது மெஷினின் ஒலி அளவை அமைப்பார்கள். மெஷின் போட்ட மறுநாளே “ஒரே இரைச்சலா இருக்கு” என்று அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தப் பரிசோதனையில் ஊசி குத்திக்கொண்டால் உங்கள் வேலை முடிந்தது. இங்கே அப்படியில்லை. அறை, கருவி, நீங்கள் தரும் பதில், பேசும் மொழி எல்லாம் சேர்ந்துதான் அறிக்கை. இதில் எது பிசகினாலும் எண் பிசகும்.

போவதற்கு முன்

முந்தைய 14 மணி நேரமாவது பெரிய சத்தத்தில் இருக்கக் கூடாது. கணபதி விசர்ஜனத்தில் டோல் தாஷாவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு மறுநாள் காலையில் சோதனைக்கு வந்தால், தற்காலிகமாக மந்தமாகியிருக்கும் காதுதான் அறிக்கையில் ஏறும். பட்டறை, தறி, பிரஸ் வேலையில் இருப்பவர்கள் வார விடுமுறைக்கு மறுநாள் காலை, ஷிஃப்டுக்குப் போகும் முன் நேரம் வாங்கிக்கொள்வது நல்லது. ரயிலில் காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டுக் கேட்டபடி வருவதையும் அன்று ஒருநாள் தவிர்க்கலாம்.

காதில் எண்ணெய் விடாதீர்கள். ஸ்டேஷன் வாசலில் ஊக்கும் பஞ்சும் வைத்துக் காது சுத்தம் செய்பவரிடம் போகவே போகாதீர்கள். செவிப்பறை கிழிவதும், காதுக் குழாயில் சீழ் பிடிப்பதும் அங்கேதான் ஆரம்பம். குறும்பி கொஞ்சம் இருந்தால் சோதனைக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. குழாயை முழுக்க அடைத்திருந்தால் மட்டும் 30, 40 டெசிபெல் வரை கேட்கும் திறன் குறைந்து காட்டும். அதை காது மூக்கு தொண்டை மருத்துவர் எடுத்த பிறகுதான் சோதனை.

சாப்பிடும் மருந்துகளின் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். பழைய சீட்டுகளும் வேண்டும். காசநோய்க்கு முன்பு போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், கனமைசின், அமிகாசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவை உட்காதைப் பாதிக்கக்கூடியவை. ஊசி நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். தோடு, ஜிமிக்கி, மாட்டல், கண்ணாடி, ஹேர்பின் எல்லாம் ஹெட்போனுக்கு இடைஞ்சல், கழற்ற வேண்டும். மூக்குத்தியைக் கழற்றத் தேவையில்லை.

சளி பிடித்திருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று கேட்பார்கள். வழக்கமான சோதனை என்றால் தள்ளிப்போடலாம். ஆனால் தூங்கி எழுந்தபோது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை, அல்லது இரண்டு மூன்று நாளுக்குள் மளமளவென்று குறைந்துவிட்டது என்றால், அது சளி அடைப்பு என்று நீங்களாகவே முடிவு செய்யக் கூடாது. அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். உட்காதில் திடீரென வரும் இழப்புக்கு ஸ்டீராய்டு மருந்து தரப்படுகிறது. அதன் பலன் முதல் இரண்டு வாரங்களில்தான் அதிகம். சொட்டு மருந்து விட்டுப் பார்த்துக் காத்திருந்து வருபவர்களுக்கு அந்த வாய்ப்பு போய்விடுகிறது.

கண்ணாடி அறைக்குள்

முதலில் ஒரு விளக்குக் கருவியால் காதுக்குள் பார்ப்பார்கள். பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுப்பார்கள், குழந்தைக்குக் கீழும் பின்னும். வலித்தால் சொல்லுங்கள், வலி என்பதே ஒரு தகவல்.

பிறகு வெளிச் சத்தம் புகாத அறை. கதவு கனமாக இருக்கும். உள்ளே நாற்காலி, ஹெட்போன், ஒரு பொத்தான். சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று கேட்டு அதில்தான் ஆரம்பிப்பார்கள். முதல் ஒலி 1000 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது அலைவரிசையின் அளவு; எண் கூடக் கூட ஒலி கீச்சென்று இருக்கும். கேட்டால் 10 டெசிபெல் குறைப்பார்கள், கேட்காவிட்டால் 5 டெசிபெல் கூட்டுவார்கள். ஏற்றும்போது குறைந்தது பாதித் தடவையாவது நீங்கள் பதில் சொல்லும் மிகக் குறைந்த அளவுதான் அந்த அலைவரிசைக்கான உங்கள் எண். அதன்பின் 2000, 4000, 8000, மீண்டும் 1000, பிறகு 500, 250. ஏன் மறுபடி 1000? முதலில் சொன்ன பதிலும் இப்போது சொல்வதும் 5 டெசிபெல்லுக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தான். ஒத்துப்போகாவிட்டால் திரும்ப விளக்கிச் சொல்லி மறுபடி தொடங்குவார்கள். அதற்குக் கோபப்பட வேண்டியதில்லை, கவனமான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

காதில் ஏற்கெனவே ‘ங்ஙொய்’ என்று இரைச்சல் உள்ளவர்களுக்கு, எது சோதனை ஒலி, எது தன் காதின் ஒலி என்று குழப்பம் வரும். தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். விட்டுவிட்டு ஒலிக்கும் துடிப்பொலியோ நடுங்கும் ஒலியோ கொடுப்பார்கள், அப்போது பிரித்தறிய முடியும். வயதானவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு: ஹெட்போனின் அழுத்தத்தில் காதுக் குழாயின் வாய் மூடிக்கொள்ளும். இல்லாத குறை ஒன்று அறிக்கையில் முளைக்கும். காதுக்குள் வைக்கும் பஞ்சுநுரை முனையுள்ள இயர்போன் மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்தது எலும்பு வழிச் சோதனை. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் தீப்பெட்டியைவிடச் சிறிய ஓர் அதிர்வுக் கருவியை இறுக்கமான வில்லால் மாட்டுவார்கள். கொஞ்சம் அழுத்தும், ஐந்து பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம். ஹெட்போன் ஒலி காதுக் குழாய், செவிப்பறை, சின்ன எலும்புகள் எல்லாவற்றையும் தாண்டி உட்காதுக்குப் போகிறது. எலும்பு அதிர்வு நேராக உட்காதுக்கே போகிறது. இரண்டு எண்ணுக்கும் 10 டெசிபெல்லுக்கு மேல் இடைவெளி இருந்தால் கோளாறு பெரும்பாலும் வெளிக்காதிலோ நடுக்காதிலோ. மருந்தோ அறுவை சிகிச்சையோ பலன் தரலாம். இடைவெளி இல்லாமல் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் உட்காதோ நரம்போ. இந்தப் பகுதியே இல்லாத அறிக்கை எங்கள் பார்வையில் அரை அறிக்கை. மெஷின் விற்கும் சில இடங்களில் “இலவசச் சோதனை” என்று நான்கைந்து ஒலிகளோடு முடித்து, அடுத்த நிமிடம் விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். செவிப்பறையில் ஓட்டை உள்ளவருக்கும் அங்கே மெஷின்தான் பதில்.

நடுவில் ஒரு காதில் ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சல் வரும். கருவி பழுதோ என்று பலர் ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள். கழற்றாதீர்கள். ஹெட்போனில் பலமாகத் தரும் ஒலி சுமார் 40 டெசிபெல் குறைந்து மண்டை எலும்பு வழியாக எதிர்க்காதுக்குப் போய்விடும். எலும்பில் வைத்த அதிர்வோ கிட்டத்தட்டக் குறையாமலே இரண்டு உட்காதுக்கும் போகும். நல்ல காது திருட்டுத்தனமாகப் பதில் சொல்லிவிடாமல் இருக்க அதை அந்த இரைச்சலால் வேறு வேலையில் வைக்கிறார்கள். இரைச்சலைப் பொருட்படுத்தாமல் ‘பீப்’ ஒலிக்கு மட்டும் அழுத்துங்கள்.

பேச்சுச் சோதனை, அதுவும் தமிழில்

மும்பையில் இருக்கிற நமக்கு இந்த இடத்தில்தான் தனிச் சிக்கல். ஒலிகள் முடிந்ததும் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். முதலில் பழக்கமான சொற்களை மெல்ல மெல்லக் குறைத்து, பாதிச் சொற்களைச் சரியாகச் சொல்லும் அளவைக் கண்டுபிடிப்பார்கள். அது முன்பு ‘பீப்’ ஒலிகளுக்கு எடுத்த எண்களின் சராசரியோடு (ஒலிச் சராசரி) சுமார் 10 டெசிபெல்லுக்குள் ஒத்துப்போக வேண்டும். அடுத்து வசதியான, நல்ல சத்தத்தில் 25 அல்லது 50 சிறு சொற்கள். எத்தனை சரி என்பது சதவீதமாக வரும்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வளர்ந்தவர்களுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. திருநெல்வேலியிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மாவுக்கு அப்படியா? இந்தி, மராத்தி சொற்பட்டியலை வைத்துச் சோதித்தால் அவருக்கு 50 சதவீதம்கூட வராது. காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தெரியாத சொல்லை யாராலும் ஊகித்துப் பிடிக்க முடியாது. ஆனால் அறிக்கையில் அது ‘சொல் பிரித்தறியும் திறன் மிகக் குறைவு’ என்று ஏறும். ஒலிச் சராசரி நன்றாக இருந்து சொல் மதிப்பெண் மட்டும் விழுந்தால், அதுவும் ஒரு காதில் மட்டும் விழுந்தால், நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். மொழியால் வந்த குறைக்கு ஸ்கேன் வரைகூடப் போக நேரலாம்.

எனவே நேரம் வாங்கும்போதே “தமிழ்ச் சொற்பட்டியல், பதிவு செய்த குரலில், இருக்கிறதா?” என்று கேளுங்கள். சோதிப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் வழி உண்டு. படங்களைக் காட்டித் தொடச் சொல்லலாம். எழுதத் தெரிந்தவர் கேட்ட சொல்லை எழுதிக் காட்டலாம், பிறகு பட்டியலோடு ஒப்பிடலாம். கூட வந்த மகனை மைக்கில் வாசிக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். பழக்கமில்லாதவர் குரல் சொல்லுக்குச் சொல் ஏறி இறங்கும், அம்மாவும் அவன் உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவார். வேறு வழியில்லாமல் இந்தியில் சோதித்தால், எந்த மொழியில் சோதித்தது என்று அறிக்கையில் எழுதி வாங்குங்கள்.

வயதாக ஆக முதலில் குறைவது உயர் அலைவரிசை. சத்தம் கேட்கும், சொல் புரியாது. ‘தட்டு’, ‘கட்டு’, ‘பட்டு’ மூன்றும் ஒன்றுபோல் காதில் விழும். பின்னால் வரும் உயிரொலியில் பலம் அதிகம், முன்னால் உள்ள வல்லின மெய் மிக மெல்லியது, அதுவும் பெரும்பாலும் உயர் அலைவரிசையில். “கத்தாதே, கேக்குது; என்ன சொல்றேன்னுதான் புரியல” என்று தாத்தா எரிச்சலடைவது வீம்பு இல்லை.

பதில் சொல்லத் தேவையில்லாத சோதனைகள்

நடுக்காதுக்கான டிம்பனோமெட்ரி ஒரு நிமிடத்துக்குள் முடியும். காதுக்குள் ரப்பர் முனை வைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்குவார்கள். காது அடைப்பது போல இருக்கும். பேசாமல், எச்சில் விழுங்காமல் இருந்தால் போதும். ‘ஏ’ வகை வரைபடம் இயல்பு. ‘சி’ என்றால் நடுக்காதில் அழுத்தம் குறைவு, சளிக்குப் பின் அடிக்கடி வரும். தட்டையான ‘பி’ வந்தால் பக்கத்தில் எழுதியுள்ள காதுக் குழாயின் கொள்ளளவையும் பார்க்க வேண்டும்: இயல்பான அளவென்றால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கலாம், மிக அதிகமென்றால் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிவைப்பார்கள்.

பிறந்த குழந்தைக்கு ஓ.ஏ.ஈ. சோதனை. ஒலிக்குப் பதிலாக உட்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியை அது பதிவு செய்யும். அதில் ‘ரெஃபர்’ (மறுசோதனை தேவை) என்று வந்தாலே செவிடு என்று அழத் தொடங்க வேண்டாம். முதல் ஓரிரு நாளில் காதுக் குழாயில் பிரசவ மாவு ஒட்டியிருந்தாலும் அப்படி வரும். ஆனால் மறுசோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. முதல் மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் 5 நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது, ஒலிக்குக் காது நரம்பு தரும் மின் பதிலை அளக்கும் பெரா சோதனையும் வேண்டும். உட்காதுச் செல்கள் நன்றாக இருந்து நரம்பு மட்டும் பழுதாயிருந்தால் ஓ.ஏ.ஈ. ‘பாஸ்’ என்றே காட்டும். பெராவுக்குக் குழந்தை ஆழ்ந்து தூங்க வேண்டும். வரும் வழியில் ரயிலில் தூங்கவிடாமல் விழிக்கவைத்து, அங்கே போய்ப் பால் கொடுத்துத் தூங்கவையுங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்முனை ஒட்ட வேண்டும் என்பதால் அன்று தலைக்கு எண்ணெய் தேய்க்கக் கூடாது. எண்ணெய் இருந்தால் ஒட்டாது, பாதித் தூக்கம் துடைப்பதிலேயே கலைந்துவிடும்.

அறிக்கை கையில் வந்தபின்

வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்கக் கேட்பது குறைவு. 50 டெசிபெல் என்பது 50 சதவீதம் அல்ல. இந்தத் தவறு குடும்பங்களில் வீண் பீதியைக் கிளப்புகிறது. வகைப்பாட்டிலும் குழப்பம் உண்டு: 38 டெசிபெல் சராசரி பழைய அட்டவணைப்படி லேசான குறை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, 35 முதல் 50-க்குள் என்பதால், அது நடுத்தரக் குறை. இரண்டு இடத்தில் இரண்டு பெயர் எழுதினால் காது மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம், எண்ணை ஒப்பிடுங்கள். 4000 ஹெர்ட்ஸில் மட்டும் பள்ளம் விழுந்து 8000-இல் மேலே ஏறினால் பெரும்பாலும் அது இரைச்சல் செய்த வேலை.

கையெழுத்துக்குக் கீழே இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். செவித்திறன் வல்லுநர்கள் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் பதிவு செய்திருக்க வேண்டும். கருவியை வருடம் ஒருமுறையாவது அளவுதிருத்த வேண்டும். எப்போது செய்தது என்று கேட்பதில் தவறில்லை. அறைக்கு வெளியே ரிக்ஷா ஹாரன் உள்ளே கேட்டால் 250, 500 ஹெர்ட்ஸ் எண்களை நம்ப முடியாது.

செலவு பார்ப்பவர்களுக்கு நாயர், கே.இ.எம்., சயான் மாநகராட்சி மருத்துவமனைகள் இருக்கின்றன. பாந்த்ரா ரெக்ளமேஷனில் மத்திய அரசின் அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் குறைபாட்டு நிறுவனம் 1983 முதல் இயங்குகிறது. வருமான வரம்புக்குள் உள்ள தகுதியானவர்களுக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ‘அடிப்’ திட்டத்தில் மெஷின் இலவசமாகவோ பாதி விலையிலோ கிடைக்கும். அதற்குக் குறைபாட்டுச் சான்றிதழில் 40 சதவீதம் தேவை. அந்தச் சதவீதத்தை அரசு மருத்துவமனைக் குழு தனிக் கணக்கீட்டில் போடுகிறது, உங்கள் அறிக்கையின் டெசிபெல்லை அப்படியே நீட்டினால் ஏற்கமாட்டார்கள். அங்கே மறுபடி சோதிப்பார்கள். பழைய அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள், ஜெராக்ஸ் போதும்.