பதினாறு வயது லைசென்ஸ் எந்த வண்டிக்கு?

பையனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது, எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கியாயிற்று, இனி டியூஷனுக்கு அம்மாவின் ஸ்கூட்டரில் போகட்டும் என்றிருக்கும் பெற்றோர், அந்த ஸ்கூட்டரின் ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) எடுத்து சிசி எவ்வளவு என்று பாருங்கள். பதினெட்டுக்கு முன் கிடைக்கும் உரிமம், 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். வீட்டில் நிற்பது பெரும்பாலும் 110 அல்லது 125 சிசி. மூட்டை ஏற்றும் மொபெட்கூட இப்போது 100 சிசியை ஒட்டி வந்துவிட்டது. சட்டம் அனுமதிக்கும் வண்டி கடையில் இல்லை. கடையில் இருக்கும் வண்டிக்குச் சட்டத்தில் அனுமதி இல்லை. பெற்றோரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

சாலைச் சந்திப்பில் ஒரு தந்தையைப் பார்த்தேன். மகனின் எல்.எல்.ஆர். தாளை பிளாஸ்டிக் உறையோடு நீட்டி, "லைசென்ஸ் இருக்கிறதே சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காவலர் தாளைத் தொடவே இல்லை. வண்டியின் எஞ்சினைக் கையால் காட்டினார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு கடுமையானது. 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. இவை பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. எல்.எல்.ஆர். இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதில் அனுமதித்த வண்டியை ஓட்டியிருந்தால்தான். "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான்" என்றால், அதை நிரூபிப்பதும் உங்கள் பொறுப்பு.

பதினெட்டு ஆனதும் பழைய உரிமம் தானாகப் பைக்குக்கும் காருக்கும் விரியாது. அவற்றுக்குப் புதிதாக எல்.எல்.ஆர். போட வேண்டும். விண்ணப்பிக்கும் முன் ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து, பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒப்பிடுங்கள். இதில் ஒன்று மாறினாலும், ஆதாரைத் திருத்திவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள்.

"டிரைவிங் ஸ்கூல் மூலமாகத்தான் வர வேண்டும்" என்பார்கள். சொந்த வண்டி ஓட்டுவதற்கு அப்படி ஒரு விதி இல்லை. நன்றாகக் கற்றுக்கொள்ளப் பள்ளிக்குப் போகலாம். விண்ணப்பத்தையும் டெஸ்ட் தேதியையும் அரசின் சாரதி இணையதளத்தில் நீங்களே போடலாம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் தேறினால் ஆர்.டி.ஓ. டெஸ்டே வேண்டாம் என்பது உண்மை. ஆனால் தெருமுனைப் பள்ளி எல்லாம் அந்த மையம் ஆகாது. பணம் கட்டுமுன் அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள்.

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். ஆறு மாதம் தாண்டினால் எல்.எல்.ஆர். செல்லாது. டெஸ்டில் தவறினால் அடுத்த டெஸ்டுக்கு ஏழு நாள் காத்திருப்பு, மூன்று முறை தவறினால் அறுபது நாள். ஆகவே தேதியைக் கடைசி மாதம் வரை தள்ளாதீர்கள்.

எட்டு போடுவதற்கு எளிது என்று ஸ்கூட்டரைக் கொண்டு போகச் சொல்வார்கள். அதில் தேறினால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் உரிமம். பைக் ஓட்டப் போகிற பிள்ளை பைக்கிலேயே எட்டு போடட்டும். கார்டு கைக்கு வந்ததும் வண்டி வகை சரியா என்று அன்றே படித்துப் பாருங்கள்.