பகிஷ்கரிப்புக்கு முன்னால் இருக்கும் கடிதங்கள்

பணிப்பகிஷ்கரிப்பு அறிவித்தல் பல வேளைகளில் முதல்நாள் இரவுச் செய்தியில்தான் வருகிறது. நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் வரும் நோயாளிக்கு அது எட்டுவதில்லை. அப்படி வந்த ஓர் அம்மாவை ஒரு பகிஷ்கரிப்பு நாளில் வைத்தியசாலை வாசலில் கண்டேன். கையிலிருந்த பையில் கிளினிக் கொப்பியும் வெறுமையான குளிசை மட்டைகளும் இருந்தன. “பிரஷர் குளிசை முந்தநாளோட முடிஞ்சுது தம்பி, இனி எப்ப வாறது?” என்று கேட்டார்.

தொழிற்சட்ட விடயங்களைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் சட்டத்தரணி நான். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் அதே கிழமை என் மேசைக்கு வந்த, அந்த அரச வைத்தியசாலை ஊழியரின் தொழிற்சங்கக் கிளையொன்றின் கோப்பில் அந்த நாளுக்கான காரணம் இருந்தது. இரண்டு வருடங்களில் பதினொரு கடிதங்கள் எழுதியிருந்தார்கள். வந்த பதில்கள் எல்லாவற்றிலும் “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்ற ஒரே வசனம்தான், திகதி மட்டும் மாறியிருந்தது.

தனியார் நிறுவனத்து ஊழியர்களின் பிணக்கு 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் கீழ் இணக்கப் பேச்சுக்கும் நடுத்தீர்ப்புக்கும் போகலாம். அரசாங்கம் தொழில்தருநராக இருக்கும்போது அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 49 ஆம் பிரிவு சொல்கிறது. ஓர் உத்தியோகத்தரின் இடமாற்றத்தையோ பதவி உயர்வையோ பற்றிப் பொதுச்சேவை ஆணைக்குழுவிடம் முறையிடலாம்; ஆயிரக்கணக்கானோரின் சம்பள முரண்பாட்டைக் கேட்டுக் கட்டுப்படுத்தும் தீர்ப்புச் சொல்ல அரச ஊழியருக்கென ஒரு மன்று இல்லை. வேறு கதவு இல்லாத இடத்தில் வேலைநிறுத்தமே கதவாகிவிடுகிறது.

அதற்கு அரசாங்கங்கள் கையிலெடுப்பது 1979 ஆம் ஆண்டின் அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டத்தை. ஒரு சேவையை அத்தியாவசியமானது என்று வர்த்தமானியில் அறிவித்துவிட்டால், அதில் வேலைக்கு வராமலிருப்பதே சிறைக்குரிய குற்றமாகும். 1980 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது அன்றைய அரசாங்கம் ஏறத்தாழ 40,000 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டவர்கள் அவர்கள். அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டால் எந்தப் பிணக்கும் தீரவில்லை.

அதிபர், ஆசிரியர் சம்பள முரண்பாடு இன்னும் தெளிவான உதாரணம். தொண்ணூறுகளிலிருந்து இழுபட்ட அந்த விடயம், 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை இணையவழிக் கற்பித்தலை நிறுத்திய பிறகே அசைந்தது. மூன்றில் ஒரு பங்கு கிடைத்தது. மீதி மூன்றில் இரண்டைக் கேட்டு 2024 ஜூன் 26 இல் மீண்டும் சுகயீன விடுமுறைப் போராட்டம் நடந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் வைத்தியர்களின் கொடுப்பனவை 35,000 ரூபாவால் கூட்ட இணங்கியதும், ஏனைய சுகாதாரச் சங்கங்கள் தமக்கும் கேட்டுப் பணிக்குப் போகவில்லை. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டனர். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்திய அமைதிப்படையினர் நோயாளிகளையும் ஊழியர்களையும் சுட்டுக்கொன்றதை மறக்காத எங்கள் ஊருக்கு, நோயாளி விடுதியில் சீருடை என்பது சாதாரணச் செய்தியல்ல.

ஆகவே நான் கேட்பது, கோரிக்கை வந்து குறித்த நாட்களுக்குள் விசாரித்தே ஆகவேண்டிய, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒரு சுயாதீன மன்றை. அந்த மேசையில் திறைசேரியின் அதிகாரியும் இருக்கவேண்டும். அமைச்சர் வாயால் இணங்கியதைத் திறைசேரி பிறகு தடுத்த கதைகள் போதும். ஒரே வைத்தியசாலையில் வேலை செய்யும் எல்லாத் தரத்தினரின் கொடுப்பனவுகளையும் ஒன்றாகப் பேசவேண்டும். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது நியாயம்தான். தண்டனை இடமாற்றம் நியாயமல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் நிலைப்பாட்டின்படி, உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து நேரும் சேவைகளிலும், அரசின் பெயரால் அதிகாரம் செலுத்தும் உத்தியோகத்தர் விடயத்திலும் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யலாம். அப்படித் தடுத்தால் ஈடாக விரைவான, பக்கச்சார்பற்ற நடுத்தீர்ப்பு கொடுக்கவேண்டும். நாங்கள் தடையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பகிஷ்கரிப்பு நாளில் எவை இயங்கும் என்பதையும் அமைதியான காலத்திலேயே சங்கங்களுடன் எழுதிக் கைச்சாத்திடலாம். அந்தக் கிளையினர் அடுத்த அறிவித்தலை எழுத வந்தபோது நெடுந்தீவு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கிளினிக் கொப்பியுடன் வருபவர்களுக்குக் குளிசை கொடுக்கும் யன்னல் திறந்திருக்கும் என்பதை முதல் வரியாகவும், கோரிக்கைகளை அதற்குக் கீழேயும் எழுதினோம்.