டெக் என்றால் கட்டு

பாளையங்கோட்டையில் அக்கா வீடு, கோடை விடுமுறை. மருமகன் பத்தமடைப் பாயை விரித்து, அதன்மேல் அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, "மாமா, ஒரு டெக் கட்டணும், கொஞ்சம் பாருங்க" என்றான். பக்கத்தில் கட்டிலில் சாய்ந்திருந்த அவன் ஆச்சி, என் அம்மா, தலையைத் தூக்கினாள். "ஏல, டெக்கா? இப்பம் எவன்ல டெக்கு வாடகைக்குக் குடுக்கான்?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 80களிலும் 90களிலும் எங்கள் பக்கம் டெக் என்றால் வீடியோ கேசட்டைச் செருகிப் படம் பார்க்கிற பெட்டி. கல்யாண வீடோ சடங்கு வீடோ, ராத்திரி டெக்கும் டிவியும் வாடகைக்கு வந்து இறங்கும். விடிய விடிய மூன்று படம் ஓடும். மருமகன் அந்தப் பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை. அவன் சொன்ன டெக், போக்கிமான் அட்டை விளையாட்டில் ஓர் ஆட்டக்காரர் தனக்கென்று சேர்த்து எடுத்துவருகிற 60 அட்டைகள்.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

முதலில் சொல் வந்த வழி. ஆங்கிலத்து டெக், பழைய டச்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு மூடி, கூரை என்று பொருள். கூரை வேய்வதைக் குறிக்கும் 'தாட்ச்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதற்கு உறவு. ஆக, மூலத்தில் பார்த்தால் நம் பனையோலைக் கூரைதான் டெக். கப்பலின் அடிவயிற்றை மூடும் பலகைப் பரப்புக்கு அந்தப் பெயர் போனது. அப்புறம் ஆள் நடமாடும் தளத்துக்கே பெயராகிவிட்டது. சீட்டுகளுக்கு அந்தப் பெயர் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டது. கப்பலில் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதுபோலச் சீட்டும் அடுக்கியிருப்பதால் என்று காரணம் சொல்வார்கள். இன்றைக்கும் இங்கிலாந்துக்காரர்கள் 52 சீட்டைப் 'பேக்' என்பார்கள். டெக் என்பது அமெரிக்கர் வாயில்தான் அதிகம். ஆச்சியின் டெக்கும் இதே வழியில் வந்த ஒன்றுவிட்ட தம்பிதான்.

அகராதியைத் திறந்தால் டெக்குக்குத் 'தளம்' என்று வரும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அது சரி. பாயில் பரப்பிய அட்டைக்கு ஆகாது. 'அடுக்கு' என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்டதும் எனக்குப் பித்தளைத் தூக்குச்சட்டி நினைவு வருகிறது. 'தொகுதி' என்றால் தேர்தல் வந்துவிடும்.

சீட்டுக்கட்டு இருக்கிறதே என்பீர்கள். நல்ல சொல், நம் சொல். ரம்மி ஆடுகிற எவரும் 'கட்டுல இருந்து ஒண்ணு எடு' என்றுதான் சொல்கிறார். இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் எல்லாம் வெளியிலிருந்து வந்து நம் நாக்குக்கு வளைந்தவை. (ஆங்கிலத்தில் 'கிளப்ஸ்' என்பதை நாம் ஏன் கிளாவர் ஆக்கினோம் என்பது தனிக்கதை.) கட்டு மட்டும் உள்ளூர்க்காரன். ஆனால் சீட்டு என்ற முன்பாதி இரண்டு விதத்தில் இடிக்கிறது. ஒன்று, 'சீட்டு விளையாடுகிறான்' என்றால் எங்கள் தெருவில் பையன் கெட்டுப்போனான் என்று பொருள். இரண்டு, மருமகன் சோதனையாக அடுப்படியைப் பார்த்து "அம்மா, சீட்டுக் கட்டணும்" என்று சொல்லிப் பார்த்தான். "அஞ்சாம் தேதிதான கட்டணும், அதுக்குள்ள என்ன?" என்று பதில் வந்தது. அக்காவுக்குச் சீட்டு என்றால் ஏலச்சீட்டு.

அதனால் சீட்டை விட்டுவிட்டு அட்டை என்று வைத்துக்கொண்டோம். அட்டைக்கட்டு. மாஞ்சோலைக்குப் போய்க் காலில் அட்டை ஏறி வந்தவர்கள் முகம் சுளிக்கலாம், ஆனால் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். இரண்டாவது தடவை சொல்லும்போது வெறும் 'கட்டு' போதும்.

இந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், டெக்கில் இல்லாத ஒன்று இதில் இருப்பதுதான். கடையில் வாங்குகிற 52 சீட்டு எல்லாருக்கும் ஒன்று. அட்டை விளையாட்டில் ஆளாளுக்கு வேறு; வீட்டில் உட்கார்ந்து அவரவர் சேர்த்தது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல டெக்கோடு 'பில்டிங்' என்று இன்னொரு சொல் வேண்டியிருக்கிறது. தமிழில் மாலையையும் கட்டுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம், ஒரே வினை. கட்டுக்குள் வை என்றால் அளவோடு வை என்றும் ஆகிறது.

அந்த அளவுதான் விளையாட்டின் உயிர். கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' என்ற அட்டை விளையாட்டு 1993இல் வெளிவந்தபோது 40 அட்டை இருந்தால் போதும், ஒரே அட்டையை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். விடுவார்களா? வலுவானதையே திரும்பத் திரும்ப அடுக்கிவிட்டார்கள். அப்புறம்தான் போட்டிகளுக்குக் குறைந்தது 60 அட்டை, ஒரே பெயரில் 4க்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. போக்கிமானில் சரியாக 60, அதே 4. போக்கிமான் தாக்குவதற்குச் சக்தி தரும் அடிப்படை எனர்ஜி அட்டைக்கு மட்டும் விலக்கு. யூகியோ என்ற இன்னோர் அட்டை விளையாட்டில் 40 முதல் 60 வரை, ஒரே அட்டை 3.

இனி பாய்க்கு வருவோம். மருமகன் வைத்திருந்தது 74 அட்டை. அதில் சாரிசார்ட் என்ற பெரிய போக்கிமான் 3. அது நேராகக் களத்துக்கு வராது. சார்மாண்டர் முதலில் இறங்க வேண்டும், அது சார்மீலியன் ஆகி, பிறகுதான் சாரிசார்ட். அவன் வைத்திருந்த சார்மாண்டர் எத்தனை? ஒன்று. "பெருசுதான மாமா அடிக்கும், சின்னது எதுக்கு?" என்றான்.

ஆட்டத் தொடக்கத்தில் கைக்கு வருவது 7 அட்டை. 60 அட்டைக் கட்டுக்குள் ஒரே ஒரு சார்மாண்டர் இருந்தால், அது முதல் கையில் வர 100க்கு 12 தடவைகூட வாய்ப்பில்லை. நான்கு வைத்தால் ஏறக்குறைய 40. இன்னொரு வம்பும் உண்டு: தொடக்கத்திலேயே 6 அட்டையைப் பரிசு அட்டையாகக் கவிழ்த்து ஒதுக்க வேண்டும். அந்த ஒற்றைச் சார்மாண்டர் அதற்குள் மாட்ட பத்தில் ஒரு வாய்ப்பு. மாட்டினால் மூன்று சாரிசார்ட்டும் கையில் கிடந்து வேடிக்கை பார்க்கும்.

யூகியோவில் 60 வரை போகலாம் என்றாலும் பலர் 40இலேயே நிற்பதும் இதே கணக்கு. மூன்று பிரதி வைத்த அட்டை, முதல் ஐந்தில் ஒன்றாவது வர 40 அட்டைக் கட்டில் 100க்கு 34 வாய்ப்பு. 60 ஆனால் 23. கூடுதலாகச் செருகுகிற ஒவ்வோர் அட்டையும் நல்ல அட்டையைக் கீழே தள்ளுகிறது.

இதைக் கட்டுச்சோறு என்று சொன்னதும் மருமகனுக்குப் பிடிபட்டது. குற்றாலத்துக்குப் போகும்போது ஆச்சி காலையில் புளிச்சோறு கட்டுவாள். பை ஒன்று, போகிறவர்கள் ஆறு பேர். ஆசைப்பட்டு முறுக்கும் அதிரசமும் திணித்தால் சோற்றுக்கு இடமிருக்காது. அருவியில் குளித்து ஏறிப் பசிக்கும்போது போய் எடுத்துவரவும் முடியாது. எனர்ஜி அட்டைதான் சோறு. மேஜிக்கில் அந்த இடம் நிலம் என்ற அட்டைக்கு. 60இல் 24 நிலம் என்பது பழகிய கணக்கு (அடிப்படை நிலத்துக்கு அந்த 4 என்ற வரம்பு கிடையாது). பார்க்க அழகில்லாததால் சிறுவர்கள் முதலில் கழிப்பதும் அதைத்தான்.

கட்டுச்சோறு என்றதும் 'சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு' என்பது தானாக வாயில் வந்துவிட்டது. போட்டியில் வென்றவரின் பட்டியலை இணையத்தில் பார்த்து அப்படியே எடுத்துவருவதற்கு 'நெட்டெக்' என்று பெயர். அதைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; போட்டிக்குப் போகிறவர் நல்ல பட்டியலில் தொடங்குவதுதான் புத்தி. ஆனால் எந்த அட்டை எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரியாமல் தூக்கி வந்தால், எதிராளி புதிதாக ஒன்றை இறக்கியதும் கை நின்றுவிடும். நெட்டெக்குக்குக் 'கட்டிக் கொடுத்த கட்டு' என்று பெயர் வைத்தோம்.

பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் உலகம் வேறு. மேஜிக்கில் கமாண்டர் என்ற வகைக்குக் கட்டு 100 அட்டை. அடிப்படை நிலம் தவிர எதிலும் ஒன்றுக்குமேல் கூடாது. பெரும்பாலும் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. அங்கே ஒவ்வோர் ஆட்டமும் வேறு மாதிரி போவதுதான் சுகம். முறுக்கும் அதிரசமும் அங்கே தாராளமாகச் செல்லும்.

துணைக்கட்டுகளுக்கும் நம்மிடம் சொல் தயார். யூகியோவில் முதன்மைக் கட்டு போக, 15 அட்டை வரை எக்ஸ்ட்ரா டெக் ஒன்று, சைடு டெக் ஒன்று. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு முதல் கட்டு, இரண்டாங்கட்டு தெரியும். எக்ஸ்ட்ராவை இரண்டாங்கட்டு எனலாம். ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவில் எதிராளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிற சைடு டெக், மாற்றுக்கட்டு.

வினைதான் கொஞ்சம் தகராறு. 'கட்டு போடு' என்றால் கை ஒடிந்தவனுக்கு. 'கட்டு கட்டு' என்றால் ரூபாய் நோட்டு. எழுதும்போது கட்டமைத்தல் என்கிறேன். கட்டும் அமைத்தலும் அதற்குள்ளேயே இருக்கின்றன, புதிதாக எதுவும் படைக்க வேண்டாம். பேச்சில் அது விறைப்பு. மருமகன் தன் சேக்காளியிடம் போனில் 'கட்டு சேக்கேன்ல' என்றான், ரம்மியில் செட் சேர்ப்பதுபோல. நன்றாகத்தான் இருக்கிறது.

எழுதுகிறவர்கள் ஒரு குழியில் கவனமாக இருக்க வேண்டும். கட்டோடு 'இல்' சேர்ந்தால் கட்டில் ஆகிவிடும். மேலே யூகியோ கணக்கில் நானே விழுந்தேன். 'கட்டில் 60 அட்டை' என்று எழுதினால் மெத்தையைத்தான் தேடுவார்கள்; 'கட்டுக்குள்' என்று எழுதிவிடுவது நல்லது. மருமகன் விஷயத்தில் இரண்டும் சரிதான். 14 அட்டையைக் கழித்து 60 ஆக்கி ரப்பர் பேண்டு போட்டு அவன் வைத்த கட்டு, ஆச்சியின் தலையணை ஓரமாகக் கட்டிலில்தான் கிடக்கிறது.